பாலூட்டிகளின் உட்காது

உட்காது அல்லது உட்செவி என்பது பாலூட்டிகளின் தலையோட்டில், பொட்டெலும்பின் உள்ளே அமைந்துள்ள புலனுறுப்பு ஆகும். கேட்டல், உடற் சமநிலை என்னும் இரு புலன்களுக்கும் இதுவே இருப்பிடம். புறக்காதும் நடுக்காதும் ஒலியைச் சேர்த்துக் கடத்துகின்றன. அவ்வொலி அதிர்வை நரம்புக் குறிப்பாக மாற்றும் பணி உட்காதிலேயே நடைபெறுகிறது. இப்பணியைச் செய்யும் உணர்மயிர் உயிரணுக்கள் பாலூட்டிகளில் கருவளர்ச்சியின்போது ஒருமுறை மட்டுமே உருவாகின்றன. பின்னர் அவை அழிந்தால் அவற்றின் இடத்தில் புதியவை தோன்றுவதில்லை. பறவைகளிலும் மீன்களிலும் அவை மீண்டும் தோன்றுகின்றன. பிறவிச் செவிட்டுத்தன்மை, இரைச்சலால் நேரும் செவித்திறன் இழப்பு, முதுமையில் காது மந்தமாதல் ஆகியவை பெரும்பாலும் மருந்தால் திரும்பாதவையாக இருப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

பெயர்கள்

உட்காதின் பகுதிகளுக்குத் தமிழில் ஒன்றுக்கு மேற்பட்ட சொற்கள் வழங்குகின்றன. ஒலியை உணரும் பகுதி தமிழ்நாட்டுப் பாடநூல்களில் காக்ளியா என்றும், இலங்கைப் பாடநூல்களில் நத்தைச்சுருள் என்றும் குறிக்கப்படுவதுண்டு. நத்தை ஓட்டைப் போலச் சுருண்டிருப்பதால் இப்பெயர் பொருத்தமானது. இக்கட்டுரையில் இச்சொல்லே ஆளப்படுகிறது. உணர்மயிர் உயிரணுக்களிலுள்ள 'மயிர்' உண்மையான மயிர் அன்று. உயிரணுவின் உச்சியிலிருந்து நீளும் நுண்ணிய நீட்சியாகும்.

அமைவிடமும் பொது அமைப்பும்

உட்காதைச் சூழ்ந்துள்ள எலும்பு உடலிலுள்ள எலும்புகளிலேயே மிகக் கடினமானவற்றுள் ஒன்று. அதனாலேயே அப்பகுதி உடற்கூற்றியலில் பாறைப்பகுதி எனப்படுகிறது. பல இலட்சம் ஆண்டுகள் கழிந்த புதைபடிவங்களிலும் உட்காதின் வடிவம் கெடாமல் கிடைப்பதற்கு இக்கடினமே காரணம்.

எலும்பினுள் குடைந்தது போன்ற வளைந்த அறைகளின் தொகுதி எலும்புப் புதிர்ப்பாதை எனப்படும். அதனுள்ளே அதே வடிவில், மெல்லிய படலத்தாலான மற்றொரு குழாய்த்தொகுதி மிதந்து நிற்கிறது. இது படலப் புதிர்ப்பாதை ஆகும். இரண்டுக்கும் இடையிலுள்ள நீர்மம் புறநிணநீர். படலக் குழாயினுள் இருப்பது அகநிணநீர். இவ்விரு நீர்மங்களின் வேறுபாடு மிக முக்கியமானது. புறநிணநீரில் உடலின் பிற திசுநீர்மங்களில் உள்ளதுபோல் சோடியம் மிகுதி. அகநிணநீரில் பொட்டாசியம் மிகுதி. உயிரணுக்களுக்கு வெளியேயுள்ள நீர்மம் ஒன்றில் இவ்வாறு இருப்பது அரிது. நத்தைச்சுருளில் அகநிணநீர் புறநிணநீரைவிட ஏறத்தாழ 80 மில்லிவோல்ட் கூடுதல் மின்னழுத்தத்தில் இருக்கிறது. நத்தைச்சுருளின் பக்கச்சுவரிலுள்ள குருதிக்குழல் பட்டை என்னும் திசு ஓயாமல் பொட்டாசியத்தை இறைத்து இந்நிலையைக் காக்கிறது. உட்காதை இயக்கும் மின்கலம் இத்திசுவே எனலாம்.

உட்காதில் மூன்று பகுதிகள் உள்ளன. முன்பக்கம் நத்தைச்சுருள், நடுவில் முன்கூடம், பின்பக்கம் மூன்று அரைவட்டக் குழல்கள். முன்கூடத்தில் யூட்ரிக்கிள், சாக்யூல் என்னும் இரு சிறு பைகள் உள்ளன.

நத்தைச்சுருள்

மனித நத்தைச்சுருள் சுமார் இரண்டரை முதல் இரண்டே முக்கால் சுற்றுகள் கொண்டது. சுருளை நீட்டினால் ஏறக்குறைய 35 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் மூன்று குழாய்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுவதைக் காணலாம். மேற்குழாயிலும் கீழ்க்குழாயிலும் புறநிணநீரும், நடுக்குழாயில் அகநிணநீரும் நிரம்பியுள்ளன. மேலும் கீழுமுள்ள குழாய்கள் சுருளின் உச்சியில் ஒரு சிறு துளையின் வழியே இணைகின்றன. நடுக்காதின் அங்கவடி எலும்பு நீள்வட்டச் சாளரத்தை அழுத்தும்போது மேற்குழாயின் நீர்மம் அசைகிறது. நீர்மம் அழுந்திச் சுருங்காதது. ஆகையால் கீழ்க்குழாயின் முடிவிலுள்ள வட்டச் சாளரத்தின் படலம் அதே கணத்தில் வெளிநோக்கிப் புடைக்கிறது. இவ்விரண்டாம் சாளரம் இல்லையெனில் உட்காதின் நீர்மம் அசையவே இயலாது.

நடுக்குழாயின் தரையாக அமைந்தது அடிப்படலம். இது சாளரத்தை ஒட்டிய அடிப்பகுதியில் குறுகலாகவும் விறைப்பாகவும், உச்சியை நெருங்க நெருங்க அகலமாகவும் தளர்வாகவும் உள்ளது. எனவே கீச்சென்ற உயர் அதிர்வெண் ஒலிகள் அடிப்பகுதியையும், தவிலின் தொப்பி எழுப்புவது போன்ற தாழ்ந்த ஒலிகள் உச்சிப்பகுதியையும் மிகுதியாக அசைக்கின்றன. ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் படலத்தில் ஓர் இடம் உண்டு. யாழின் குறுநரம்பும் நெடுநரம்பும் வரிசையாக நிற்பதை இதற்கு ஒப்பிடலாம். ஆயினும் இங்கே தனித்தனி நரம்புகள் இல்லை, ஒரே படலத்தின்மீது ஓர் அலை ஓடுகிறது. அங்கேரியில் பிறந்த கியார்க் வான் பெக்கேசி இந்த ஓடும் அலையை இறந்தோரின் காதுகளில் நேரடியாகக் கண்டறிந்தார். அதற்காக 1961 ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றார்.

பெக்கேசி கண்ட அலை அகன்றும் மழுங்கியும் இருந்தது. ஆனால் உயிருள்ள காது அடுத்தடுத்த சுரங்களை மிக நுட்பமாகப் பிரித்தறிகிறது. காதுக்குள்ளேயே ஒலியைப் பெருக்கும் செயல்முறை ஒன்று இருந்தாக வேண்டும் என்று தாமசு கோல்டு 1948 இல் கூறினார். அவர் கருத்து மூன்று பத்தாண்டுகள் கவனிக்கப்படாமலே கிடந்தது. 1978 இல் டேவிட் கெம்ப் காதிலிருந்து ஒலி வெளிவருவதையே பதிவுசெய்து காட்டிய பின்னர்தான் நிலைமை மாறியது. காது எழுப்பும் இம்மெல்லொலியே இன்று பிறந்த குழந்தைகளின் செவித்திறனைச் சோதிக்கப் பயன்படுகிறது.

கார்ட்டி உறுப்பு

அடிப்படலத்தின்மீது அமர்ந்துள்ள உணர்திசு, 1851 இல் அதனை விவரித்த இத்தாலிய அறிஞர் அல்போன்சோ கார்ட்டியின் பெயரால் கார்ட்டி உறுப்பு எனப்படுகிறது. இதில் உணர்மயிர் உயிரணுக்கள் நான்கு வரிசைகளாக நிற்கின்றன. உள்வரிசை ஒன்று, வெளிவரிசை மூன்று. மனிதரின் ஒரு காதில் உள்வரிசை உயிரணுக்கள் சுமார் 3,500, வெளிவரிசை உயிரணுக்கள் சுமார் 12,000. ஒருவரின் இரு காதுகளிலும் உள்ள அனைத்தையும் கூட்டினாலும் அது கோவில்பட்டி நகரின் 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. கண்ணின் விழித்திரையில் ஒளியுணரும் உயிரணுக்கள் பத்துக் கோடிக்கும் மேல் உள்ளன என்பதோடு ஒப்பிட்டால், காது எவ்வளவு சிறிய முதலைக் கொண்டு வாழ்நாள் முழுதும் நடைபெறுகிறது என்பது விளங்கும்.

ஒவ்வோர் உயிரணுவின் உச்சியிலும் நுண்நீட்சிகள் உயர வரிசையில், படிக்கட்டுப் போல நிற்கின்றன. குட்டையான நீட்சியின் முனையை அடுத்த நெட்டையான நீட்சியோடு மெல்லிய புரத இழை ஒன்று பிணைக்கிறது. அடிப்படலம் அசையும்போது நீட்சிகள் சாய்கின்றன. இழை இறுகி அயனி வாயிலைத் திறக்கிறது. அகநிணநீரின் பொட்டாசியம் உள்ளே பாய்கிறது. நாம் கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலிக்கு இச்சாய்வு ஒரு நானோமீட்டர் அளவையே ஒட்டியது.

இரு வகை உயிரணுக்களும் ஒரே வேலையைச் செய்வதில்லை. கேள்நரம்பின் சுமார் 30,000 இழைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை உள்வரிசையிலிருந்தே செய்தி கொண்டுசெல்கின்றன. வெளிவரிசை உயிரணுக்களோ மின்னழுத்தம் மாறுந்தோறும் நீண்டும் குறுகியும் படலத்தின் அசைவைப் பெருக்குகின்றன. கோல்டு எதிர்பார்த்த பெருக்கி இவையே. அவற்றை இயக்கும் பிரெசுட்டின் என்னும் புரதம் 2000 ஆம் ஆண்டில் இனங்காணப்பட்டது. இரைச்சலும் சில மருந்துகளும் முதலில் தாக்குவது இவ்வெளிவரிசையைத்தான். அதனால் தொடக்கத்தில் ஒலி அறவே கேளாமற் போவதில்லை. பேச்சு கேட்கும், ஆனால் கூட்டத்தில் சொற்கள் பிரிந்து விளங்கா.

சமநிலை உறுப்புகள்

மூன்று அரைவட்டக் குழல்களும் ஒன்றுக்கொன்று ஏறக்குறையச் செங்குத்தான தளங்களில் அமைந்து, தலை எத்திசையில் சுழன்றாலும் அதனை உணர்கின்றன. தலை திரும்பும்போது குழலினுள்ளே உள்ள அகநிணநீர் சற்றுப் பின்தங்குகிறது. அது குழலின் புடைத்த முனையிலுள்ள கூழ்த்தொப்பியைச் சாய்க்க, அதில் பதிந்த மயிர்நீட்சிகள் சாய்கின்றன. சிறுவர்கள் தட்டாமாலை சுற்றி நிற்கும்போது உலகம் சுழல்வதாகத் தோன்றுவது இதனால்தான்: உடல் நின்ற பின்னும் நீர்மம் சிறிது நேரம் ஓடிக்கொண்டே இருக்கிறது.

யூட்ரிக்கிளும் சாக்யூலும் நேர்கோட்டு அசைவையும் புவியீர்ப்பின் திசையையும் உணர்கின்றன. இவற்றில் மயிர்நீட்சிகளின் மேல் ஒரு கூழ்ப்படலமும், அதன்மீது சுண்ணாம்புக் கார்பனேட்டாலான நுண்படிகங்களும் உள்ளன. இவை செவிக்கற்கள் எனப்படும். முதுமையில் இக்கற்கள் சில இடம்பெயர்ந்து அரைவட்டக் குழலுக்குள் விழுவதுண்டு. அப்போது படுக்கையில் புரண்டாலே சில நொடிகள் கடுமையாகத் தலை சுற்றும். தமிழகத்தில் இது பெரும்பாலும் 'பித்தம்' எனக் கருதப்பட்டு வேறு மருந்துகள் உண்ணப்படுகின்றன. உண்மையில், தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பிக் கற்களைப் பழைய இடத்துக்குக் கொண்டுசெல்லும் எளிய முறையினாலேயே மருத்துவர்கள் இதனைப் பெரும்பாலும் குணப்படுத்துகின்றனர்.

கருவில் வளர்ச்சி

மனிதக் கருவில் உட்காதின் முதல் அடையாளம் நான்காம் வாரத் தொடக்கத்தில் தென்படுகிறது. வளரும் பின்மூளையின் இருபுறமும் புறப்படையில் ஒரு தடிப்பு தோன்றும். இது செவித்தட்டு. பின்மூளையிலிருந்தும் அருகிலுள்ள இடைப்படையிலிருந்தும் வரும் வளர்ச்சிக் காரணிகளே இத்தடிப்பைத் தூண்டுகின்றன. அதாவது, பின்னாளில் காது செய்தி அனுப்பவிருக்கும் மூளையே காது உருவாகும் இடத்தைக் குறித்துக் கொடுக்கிறது. செவித்தட்டு சில நாட்களில் உள்நோக்கிக் குழிந்து, நான்காம் வார இறுதியளவில் மூடிய சிறு பையாகிறது. இச்செவிப்பையின் சுவரிலிருந்து சில உயிரணுக்கள் பிரிந்து சென்று கேள்நரம்பின் நரம்பணுக்களாகின்றன.

செவிப்பையின் மேற்புறத்திலிருந்து யூட்ரிக்கிளும் அரைவட்டக் குழல்களும், கீழ்ப்புறத்திலிருந்து சாக்யூலும் நத்தைச்சுருளும் உருவாகின்றன. எது மேல், எது கீழ் என்பதை முதுகுநாணிலிருந்தும் நரம்புக்குழலின் தரையிலிருந்தும் கசியும் புரதக் குறிப்புகள் முடிவுசெய்கின்றன. அரைவட்டக் குழல்கள் உருவாகும் விதம் வியப்புக்குரியது. அவை குழாயாக வளர்வதில்லை. முதலில் தட்டையான பை ஒன்று புடைக்கிறது. அதன் நடுப்பகுதியில் இருபுறச் சுவர்களும் ஒட்டிக்கொண்டு மறைகின்றன. விளிம்பு மட்டும் குழலாக எஞ்சுகிறது.

நத்தைச்சுருளின் குழாய் ஆறாம் வாரம் முதல் நீண்டு சுருளத் தொடங்குகிறது. எட்டாம் வாரத்தை ஒட்டி இரண்டரைச் சுற்றுகளும் பெரும்பாலும் அமைந்துவிடுகின்றன. இவ்வளர்ச்சி இடையில் நின்றுபோனால் ஒன்றரைச் சுற்றே உள்ள குறைச்சுருள் எஞ்சும். இத்தகைய காதை இத்தாலிய மருத்துவர் கார்லோ மொண்டினி 1791 இல் விவரித்தார்; இன்றும் அவர் பெயராலேயே அக்குறை வழங்குகிறது. சூழ்ந்துள்ள திசு முதலில் குருத்தெலும்பாகிப் பின்னர் எலும்பாகிறது. கருக்காலத்தின் நடுப்பகுதியிலேயே உட்காது பெரியவர்களின் அளவை எட்டிவிடுகிறது. பிறந்த குழந்தையின் உடலில் இனி வளரத் தேவையில்லாத உறுப்புகளுள் இதுவும் ஒன்று.

கார்ட்டி உறுப்பில் எந்த உயிரணு உணர்மயிர் பெறும், எது அதனைத் தாங்கும் துணை உயிரணுவாகும் என்பது அண்டை உயிரணுக்களுக்கிடையே நடக்கும் ஒரு போட்டியால் தீர்மானிக்கப்படுகிறது. அட்டோ1 என்னும் மரபணு முடுக்கப்பட்ட உயிரணு உணர்மயிர் பெறுகிறது. அதே நேரத்தில் தன்னைத் தொட்டுநிற்கும் உயிரணுக்களை அவ்வாறு ஆகாமல் தடுக்கிறது. இம்மரபணு நீக்கப்பட்ட எலிகளில் உணர்மயிர் உயிரணுக்களே உருவாவதில்லை என 1999 இல் காட்டப்பட்டது. பணி முடிந்ததும் பாலூட்டிகளில் துணை உயிரணுக்கள் மீண்டும் பிரியும் ஆற்றலை இழந்துவிடுகின்றன. கோழிக்குஞ்சுகளிலும் காடைகளிலும் இரைச்சலால் அழிந்த உயிரணுக்கள் சில வாரங்களில் துணை உயிரணுக்களிலிருந்து மீண்டும் தோன்றுவதை 1988 இல் இரு ஆய்வுக்குழுக்கள் கண்டறிந்தன. கோழிக்கு இயல்வது கோழி வளர்ப்பவருக்கு இயலாமற் போனது ஏன் என்பது இன்றும் செவியியலின் பெரிய வினாக்களுள் ஒன்று.

குருதிக்குழல் பட்டையின் ஒரு பகுதி உயிரணுக்கள் செவிப்பையில் பிறப்பன அல்ல. அவை நரம்பு முகட்டிலிருந்து இடம்பெயர்ந்து வரும் நிறமி உயிரணுக்கள். வழியில் அவை தவறினால் தோலிலும் மயிரிலும் நிறம் குன்றுவதோடு காதின் மின்னழுத்தமும் குன்றும். நீலக்கண் கொண்ட வெள்ளைப் பூனைகளுள் பல செவிடாக இருப்பதும், மனிதரில் நெற்றி நரையும் நீலக்கண்ணும் செவிட்டுத்தன்மையும் சேர்ந்து காணும் வார்டன்பர்க் நோய்க்கூட்டும் இவ்வகையின.

மனிதக் கரு ஏறத்தாழ 24 ஆம் வாரத்துக்குப் பின் ஒலிக்கு அசைந்து எதிர்வினை காட்டுகிறது. கருவிலிருந்தபடியே சக்கரவியூகத்தைக் கேட்டறிந்த அபிமன்யுவின் கதை யாவரும் அறிந்தது. வியூகம் விளங்காவிடினும், கருவை எட்டும் ஒலிகளில் தாயின் குரலே முதன்மையானது. பிறந்த சில நாட்களிலேயே குழந்தைகள் தாயின் குரலைப் பிற பெண்களின் குரலினின்று வேறுபடுத்துகின்றன என்பது 1980 இல் வெளியான ஆய்வில் காட்டப்பட்டது.

பிற பாலூட்டிகளில்

கன்றும் ஆட்டுக்குட்டியும் பிறந்தவுடன் கேட்கின்றன. நாய்க்குட்டியின் செவித்துளை திறக்கச் சுமார் இரண்டு வாரமாகும். சுண்டெலிக்கும் கேட்டல் தொடங்க ஏறத்தாழ 12 நாட்களாகும். மனிதக் கருவில் மறைவாக நடக்கும் இறுதிக்கட்ட வளர்ச்சியை எலிக்குட்டிகளில் பிறந்தபின் காணலாம் என்பதால் செவியியல் ஆய்வுகள் எலிகளைப் பெரிதும் நாடுகின்றன. எனினும் சுண்டெலி உயர் அதிர்வெண்களையே நன்கு கேட்பது. மனிதரைப் போல் தாழ்ந்த ஒலிகளையும் கேட்கும் கொறிணி தேவைப்படும்போது மங்கோலிய வெள்ளெலி பயன்படுகிறது. கோவில்பட்டி, விளாத்திகுளம், குளத்தூர் வட்டாரக் கரிசல் காடுகளுக்கும் பழக்கமான, வரப்புகளில் வளைதோண்டி வாழும் இந்திய வெள்ளெலி அதன் நெருங்கிய உறவே.

சுருண்ட நத்தைச்சுருள் எல்லாப் பாலூட்டிகளுக்கும் உரியதன்று. முட்டையிடும் பாலூட்டிகளான வாத்தலகியிலும் எக்கிட்னாவிலும் அது சற்றே வளைந்த குழாயாகவே உள்ளது. பைப்பாலூட்டிகளிலும் பிறவற்றிலும் முழுச்சுருள் காணப்படுகிறது. நீண்ட படலத்தைச் சிறு இடத்தில் அடக்குவதற்குச் சுருளல் உதவுகிறது. மனிதர் கேட்கும் எல்லை 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ். யானைகள் அதற்கும் கீழான அகவொலிகளால் தொலைவில் உள்ள இனத்தோடு தொடர்புகொள்கின்றன. பூச்சியுண்ணும் வௌவால்கள் மனிதர் கேட்கும் எல்லைக்கு மேற்பட்ட ஒலிகளின் எதிரொலியைக் கேட்டு வேட்டையாடுகின்றன. குதிரைலாட வௌவால்களில் அடிப்படலத்தின் பெரும்பகுதி அவற்றின் சொந்த எதிரொலியின் அதிர்வெண்ணுக்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளது.

கடலுக்குத் திரும்பிய பாலூட்டிகளின் வரலாற்றை இந்தியப் புதைபடிவங்கள் தெளிவாக்கின. குசராத்தின் கச்சுப் பகுதியிலிருந்தும் பாக்கித்தானிலிருந்தும் கிடைத்த தொல்திமிங்கிலங்களின் காதெலும்புகளைச் சுனில் பாச்பாய் உள்ளிட்ட குழுவினர் ஆய்ந்து 2002 இல் முடிவுகளை வெளியிட்டனர். அவ்விலங்குகள் நிலத்தை முற்றிலும் விட்டு நீங்கும் முன்னரே அவற்றின் அரைவட்டக் குழல்கள் சிறுத்துவிட்டன. இன்றைய நீலத்திமிங்கிலத்தின் அரைவட்டக் குழல்கள் மனிதருடையவற்றைவிடச் சிறியவை.

பிறவிச் செவிட்டுத்தன்மையும் தமிழ்நாடும்

உலக அளவில் ஆயிரம் குழந்தைகளுக்கு ஒன்று அல்லது இரண்டு வீதம் கடுமையான செவித்திறன் குறைவுடன் பிறக்கின்றன. அவற்றுள் ஏறத்தாழ பாதிக்கு மரபணு மாற்றமே காரணம். அம்மாற்றங்களுள் பெரும்பாலானவை ஒடுங்கு தன்மை உடையவை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுபட்ட படி வந்தால் மட்டுமே குழந்தைக்குக் கேளாமை நேரும். பெற்றோர் இருவருக்கும் காது நன்கு கேட்கும். 'எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இப்படி இல்லையே' என்று பெற்றோர் திகைப்பதன் விளக்கம் இதுவே. குற்றம் தாய்மீது சுமத்தப்படுவதற்கு எவ்வித அடிப்படையும் இல்லை.

நெருங்கிய உறவில் மணம் செய்யும்போது ஒரே மூதாதையின் பழுதுபட்ட படி இருபுறமும் வந்துசேரும் வாய்ப்பு கூடுகிறது. அத்தை மகன், மாமன் மகள் மணத்தில் பிறக்கும் குழந்தைக்கு ஒரு மரபணுவின் இரு படிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வரும் வாய்ப்பு 16 இல் 1. தாய்மாமன் மணத்தில் அது 8 இல் 1. இந்திய மாநிலங்களுள் உறவுமுறை மணங்கள் மிகுதியாக நடைபெறுபவற்றுள் தமிழ்நாடு ஒன்று. சொத்து பிரியாதிருத்தல், அறிந்த குடும்பத்தில் பெண் கொடுத்தல் ஆகியன இவ்வழக்கத்துக்குக் காரணங்களாகக் கூறப்படுவன. உறவில் மணந்தோரின் பெரும்பாலான குழந்தைகள் நல்ல செவித்திறனோடுதான் பிறக்கின்றன என்பதையும் சேர்த்தே கூற வேண்டும்.

இந்தியரிடையே மிகுதியாக அறியப்பட்ட காரணம் கொனெக்சின் 26 என்னும் புரதத்துக்குரிய ஜிஜேபி2 மரபணுவில் ஏற்படும் மாற்றமாகும். 226 அமினோ அமிலங்கள் கொண்ட இப்புரதத்தின் ஆக்கம், ஒரே ஓர் எழுத்து மாறுவதால் 24 ஆம் இடத்திலேயே நின்றுவிடுகிறது. நத்தைச்சுருளின் துணை உயிரணுக்களை ஒன்றோடொன்று இணைக்கும் வாயில்கள் இப்புரதத்தாலானவை. அவை இன்றேல் கார்ட்டி உறுப்பு முறையாக முதிர்வதில்லை. பொட்டாசியச் சுழற்சியும் பாதிக்கப்படுகிறது. இதே மாற்றம் ஐரோப்பாவின் ரோமா மக்களிடமும் காணப்படுவது குறிப்பிடத்தக்கது. அம்மக்களின் முன்னோர் இந்தியாவிலிருந்து சென்றவர்கள் என்னும் மொழியியல் முடிவுக்கு இது துணைநிற்கிறது.

மரபல்லாத முக்கியக் காரணங்களுள் ஒன்று தாய்க்குக் கருவுற்ற முதல் மாதங்களில் வரும் ரூபெல்லா அம்மை. தாய்க்கு இலேசான காய்ச்சலும் தடிப்புமாக வந்து போகும் இந்நோய், நத்தைச்சுருள் உருவாகும் அதே வாரங்களில் கருவைத் தாக்குகிறது. தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்குமான தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில் இந்தியாவில் முதற்கட்டமாகத் தொடங்கப்பட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

செவிடாகப் பிறந்த குழந்தை ஊமையாவது குரல்வளைக் குறையினால் அன்று. மொழியைக் கேட்காததால் அதனைக் கற்கவில்லை என்பதே காரணம். இவ்வுண்மையின்மேல் எழுந்த பழைய நிறுவனங்களுள் ஒன்று பாளையங்கோட்டையில் உள்ளது. புளோரன்சு சுவெய்ன்சன் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி 1897 இல் தொடங்கிய காதுகேளாதோர் பள்ளி அது. கோவில்பட்டியிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இப்பள்ளி, இந்தியாவில் இத்தகைய பள்ளிகள் விரல்விட்டு எண்ணத்தக்கனவாக இருந்த காலத்தில் தோன்றியது.

பிறந்தபின் நேரும் இழப்பு

பேரிரைச்சல் மயிர்நீட்சிகளை ஒடித்து உயிரணுக்களைக் கொல்கிறது. இந்தியத் தொழிற்சாலை விதிகள் நாளொன்றுக்கு எட்டு மணிநேரத்துக்கு 90 டெசிபல் வரை இரைச்சலை அனுமதிக்கின்றன. பல நாடுகள் கொண்டுள்ள வரம்பு 85 டெசிபலே. டெசிபல் மடக்கை அளவு ஆதலால், ஐந்து டெசிபல் வேறுபாடு ஒலியாற்றலில் மும்மடங்குக்கும் மேலாகும். நூற்பாலைகளிலும் விசைத்தறிக் கூடங்களிலும் பல்லாண்டு பணிபுரிவோருக்கு முதலில் 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலிகள் கேளாமற் போகின்றன. பட்டாசுகளுக்கு 1999 ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிப்படி வரம்பு வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டர் தொலைவில் 125 டெசிபல். கையில் பிடித்து வெடிப்பவரின் காது நான்கு மீட்டர் தொலைவில் இருப்பதில்லை.

காசநோய்க்கு அளிக்கப்பட்டு வந்த சிட்ரெப்டோமைசின், கானமைசின் போன்ற ஊசிமருந்துகளும் உணர்மயிர் உயிரணுக்களைக் கொல்லவல்லவை. சிட்ரெப்டோமைசின் பெரிதும் சமநிலை உறுப்புகளையும், கானமைசின் நத்தைச்சுருளையும் தாக்கும். மருந்தெதிர்ப்புக் காசநோய்க்கு இப்போது பெரும்பாலும் வாய்வழி மருந்துகளே அளிக்கப்படுகின்றன.

மருத்துவம்

காதுக் கருவி ஒலியைப் பெருக்கித் தருவது. எஞ்சிய உயிரணுக்கள் இருந்தால்தான் அது பயன்படும். உயிரணுக்கள் பெரும்பாலும் இல்லாதபோது நத்தைச்சுருள் பதியம் பொருத்தப்படுகிறது. காதுக்குப் பின்னால் அணியும் ஒலிவாங்கி ஒலியைக் குறிப்புகளாக மாற்றித் தோலின் அடியிலுள்ள பகுதிக்கு அனுப்ப, அங்கிருந்து நத்தைச்சுருளுக்குள் செலுத்தப்பட்ட மின்முனைகள் கேள்நரம்பை நேரடியாகத் தூண்டுகின்றன. சுமார் 15,000 உயிரணுக்கள் செய்த பணியை ஏறத்தாழ இருபது மின்முனைகள் செய்கின்றன. அடிப்படலத்தில் ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் தனியிடம் இருப்பதால்தான் இது இயல்கிறது.

இதில் காலமே தலையாயது. பிறந்த முதல் சில ஆண்டுகளில் ஒலி எட்டாவிட்டால் மூளையின் கேள்பகுதி பிற புலன்களின் பணிக்குத் திரும்பிவிடுகிறது. அதன்பின் பதியம் பொருத்தினாலும் பேச்சு எளிதில் கைகூடுவதில்லை. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இவ்வறுவை இலவசமாகச் செய்யப்படுகிறது. ஆனால் வயதுவரம்பின் விளிம்பில் வரும் குழந்தைக்குக் கிடைக்கும் பயன், ஓராண்டு நிரம்புமுன் கண்டறியப்பட்ட குழந்தைக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. கைதட்டினால் திரும்பவில்லை என்பதைப் பெற்றோர் ஐயுறும்போது, 'அப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்' என்று வீட்டுப் பெரியவர்கள் கூறும் ஆறுதலில் ஓரிரு ஆண்டுகள் கழிந்துவிடுவது பரவலாகக் காணப்படும் நிலை. 2013 இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டம் பிறவிச் செவிட்டுத்தன்மையையும் சோதிக்க வேண்டிய குறைகளுள் சேர்த்தது. பிறந்த குழந்தை உறங்கும்போதே சில நிமிடங்களில் இச்சோதனையைச் செய்துவிடலாம். பதியத்துக்குப் பின்னரும் குறைந்தது ஓராண்டு முறையான கேட்டல், பேச்சுப் பயிற்சி தேவை. நகரங்களிலிருந்து தொலைவில் வாழும் கூலித் தொழிலாளர் குடும்பங்களுக்கு அறுவையைவிட இப்பயிற்சிக்கு வாரந்தோறும் வந்துபோவதே கடினமாக அமைகிறது.

உள்வரிசை உயிரணுக்களிலிருந்து நரம்புக்குச் செய்தி கடத்தத் தேவையான ஓட்டோஃபெர்லின் என்னும் புரதம் இல்லாமல் பிறந்த குழந்தைகளுக்கு, அதற்குரிய மரபணுவை நச்சுயிரி வழியே நத்தைச்சுருளுக்குள் செலுத்திச் செவித்திறன் மீண்ட செய்தி 2024 இல் சீனாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வெளிவந்தது. இவ்வகைக் கேளாமையில் உணர்மயிர் உயிரணுக்கள் அழியாமல் இருக்கின்றன. அவற்றின் ஒரு புரதமே குறைகிறது. உயிரணுக்களே அழிந்துபோன காதில் அவற்றைப் புதிதாகத் தோற்றுவிக்கும் முறை எதுவும் இன்னும் மருத்துவப் பயன்பாட்டுக்கு வரவில்லை.